ஓரத்தில் ஒளிந்த காலிப்பெட்டி

அனுமந்தன்பட்டி கஸ்தூரியம்மாளுக்கு என் கடை எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தது. கடன் என்று நான் சொல்கிறேன். அந்த அம்மா அதைத் திருட்டு என்று சொன்னார். கம்பத்தில் பழக் கமிஷன் கடை வைத்த நாளிலிருந்து என் வாசலில் நின்று அந்தச் சொல்லை எவரும் சொன்னதில்லை. சொல்லும்போது அவர் கையை நீட்டியது என் பக்கமும் இல்லை, என் மகன் பக்கமும் இல்லை. கண்ணாடி ரூமுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெய்லானி பாய் பக்கம்.

இது ஜெய்லானி பாயைப் பற்றிய எழுத்து. ஆனாலும் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தவன் நான். நான் நாலாம் வகுப்பு. அதுவும் பாதியில் நின்றது. வாழைத்தார் சுமந்துதான் இந்தக் கடையைப் பிடித்தேன். எவன் கையையும் எதிர்பார்த்ததில்லை, எந்தக் கட்சிக்காரன் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. இன்றைக்குக் கம்பத்தில் கர்ணன் கடை என்றால் ஆட்டோக்காரன் விலாசம் கேட்கமாட்டான். கடையின் போர்டு எழுத்தைக்கூட நான்தான் நின்று எழுத வைத்தேன். எழுதுகிறவன் அழகாகச் சின்னதாக எழுதினான். அழிக்கச் சொன்னேன். குமுளிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன் படிக்க முடியாவிட்டால் அது என்ன போர்டு?

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் தவறியதில்லை. ஜெய்லானி பாய் உத்தமபாளையத்துக்காரர். அவருடைய அப்பா இத்ரீஸ் ராவுத்தர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். ஜெய்லானியின் அக்கா நசீமாவின் கல்யாணத்துக்குக் கொடிக்காலில் பாதி போனது, கொடிக்கு நோய் வந்து மீதி போனது. ஜெய்லானி டைப்ரைட்டிங் படித்து, தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் கடையில் இருந்தார். பிறகு சவூதியில் ஒரு மளிகைக் கிட்டங்கியில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வேலை. அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்துவிட்டார். மறுபடி போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். வாங்கிய பின்புதான் அதைத் தொட ஆள் இல்லை என்பது தெரிந்தது. யாரோ இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போக வேண்டும், அதற்கு மட்டும் சம்மதமா என்று கேட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு என் கடையில் பில் கிடையாது. கேரளா லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் கிடையாது. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள்.

அதிகம் பேசமாட்டார். பேசினால் கேலிதான். கம்ப்யூட்டரை மச்சினன் என்பார். கரண்டு போய் வந்து மெஷின் மக்கர் பண்ணினால், "மச்சினன் கோவிச்சுக்கிட்டாரு மொதலாளி, ஒரு டீ சொன்னா சரியாயிரும்" என்று சொல்லி டீயைத் தானே குடிப்பார். பழம் பறிக்கிற வெயில் காலத்தில் வாசலில் ஐம்பது வண்டி நிற்கும். இவர் முகம் மாறாது. பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார், பில்லைக் கொடுப்பார். அவர் பில்லைப் பழம் விளைவிக்கிற எந்தச் சம்சாரியும் மறு தடவை பார்த்ததில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் வைத்த முறைதான் காரணம் என்றாலும், அதில் பாதி பாயைச் சேரும். அதை நான் மறுக்கமாட்டேன்.

என் முறை என்னவென்றால் இதுதான். திராட்சையைப் பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டுவருவார்கள். காலிப்பெட்டி மட்டும் இரண்டு கிலோ இருக்கும். அதைக் கழிக்க வேண்டும். மற்ற கடைகளில் பில்லில் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். என் கடையில் அப்படியில்லை. தராசுக்காரன் தங்கபாண்டி, சம்சாரியின் கண் முன்னால் காலிப்பெட்டியை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, பொத்தானை அமுக்கி எண்ணை முட்டையாக்குவான், அதாவது சைபர். அதற்குப் பிறகு ஏறுவது எல்லாம் வெறும் பழம். அந்த எடை ஒயர் வழியாகக் கண்ணாடி ரூமுக்குள் பாயின் கம்ப்யூட்டருக்குப் போகும். முன்னே தங்கபாண்டி எடையைச் சத்தம் போட்டுச் சொல்வான். ஒயர் வந்த பிறகு சத்தம் நின்றுபோனது. தராசின் எண் வாசலைப் பார்த்து இருக்கும், பாய் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

பழைய கம்ப்யூட்டர் புரோகிராமில், திரையின் உச்சியில் ஒரு முழப் பட்டை இருக்கும். பச்சையாக இருந்தால் கழிவு இல்லை, சிவப்பாக இருந்தால் கழிவு உண்டு. எழுத்திலும் போட்டிருக்கும். எங்களுக்கு எப்போதும் பச்சைதான் இருக்க வேண்டும், தராசிலேயே கழித்துவிடுகிறோமே. ஒரு தடவை யாரோ தெரியாமல் எதையோ அமுக்கிச் சிவப்பாகிவிட்டது. வாசலில் நின்ற நானே பார்த்துவிட்டேன். "பாய், உள்ள ரத்தம் தெரியுது" என்றேன். உடனே மாற்றினார். பட்டை என்றால் அது பட்டை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையை மகன் விஜய்பாண்டியிடம் விட்டேன். பி.காம் படித்தவன். புதிது புதிதாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன், அதில் குற்றமில்லை. இந்த வருஷம் ஐப்பசி கழிந்து புதுப் புரோகிராம் போட்டான். தேனியிலிருந்து ஜஸ்டின் என்று ஒரு பையன் வந்து ஏற்றிவிட்டுப் போனான். வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டுமாம். திரையைப் பார்த்தேன். வெள்ளையாக, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருந்தது. பட்டையைக் காணோம்.

"பட்ட எங்கடா?"

"அதெல்லாம் பழைய ஸ்டைல்ப்பா. இப்ப நீட்டா இருக்கு பாருங்க."

நீட்டாகத்தான் இருந்தது. நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கஸ்தூரியம்மாள் பழம் வந்தது. அந்த அம்மாவுக்கு அனுமந்தன்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. புருஷன் இறந்து பல வருஷம். வாய் பெரிசு, கை சுத்தம். அன்றைக்குப் பறித்ததில் எழுபத்திரண்டு பெட்டியை எங்கள் கடைக்கு அனுப்பினார். மீதியைக் கேரள வியாபாரி ஒருவன் தோட்டத்திலேயே எடை போட்டு எடுத்துக்கொண்டான். ஒரே கொடி, ஒரே நாள், ஒரே ஆள்கள் நிரப்பிய பெட்டி. அவன் எடையில் பெட்டிக்கு இருபத்திரண்டு கிலோ நின்றது. எங்கள் பில்லில் இருபது. கிலோ அறுபது ரூபாய் என்று விலை.

அடுத்த நாள் காலையில் வாசலுக்கு வந்துவிட்டார். நான் இல்லை. நடந்ததைத் தங்கபாண்டி சொல்லித்தான் தெரியும். வண்டிக்காரர்கள், சம்சாரிகள், டீக்கடைக்காரர் என்று அத்தனை பேரும் இருக்கிற நேரம்.

"ஏன் பாய், என் பழம் உங்க ரூமுக்குள்ள வந்ததும் எளச்சுப் போகுதாக்கும்?"

பாய் பில்லை வாங்கிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். "கணக்குச் சரியா இருக்கேம்மா" என்றார்.

"கணக்குச் சரிதேன். பழந்தேன் சரியில்ல. பெட்டிக்கு ரெண்டு கிலோ எவன் தின்னான்? எடை கொறஞ்சா வாங்குற யாவாரிக்கு லாபம். அந்த யாவாரி உங்களுக்கு என்ன குடுத்தான்?"

விஜய்பாண்டி அங்கேதான் நின்றான். அவன் செய்திருக்க வேண்டியது, பெட்டியை எடுத்து வைத்து மறு எடை போடுவது. அதைச் செய்யவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பாயிடம் திரும்பி, "எவ்வளவு வாங்குனீக பாய்?" என்று கேட்டான்.

இதைக் கேட்டவன் நான் பெற்ற பிள்ளை. அவனை ஸ்கூலுக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அந்தப் பாய். எனக்குக் கெட்டவார்த்தைகள் நிறையத் தெரியும், சந்தையில் வளர்ந்தவன். ஆனால் அந்த மூன்று சொல்லைப்போல அசிங்கமான ஒன்றை நான் எவனிடமும் சொன்னதில்லை.

பாய் மேஜை டிராயர் சாவியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தாராம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். விஜய்பாண்டி கஸ்தூரியம்மாளிடம், "அவர் சம்பளத்துல பிடிச்சு உங்க துட்டக் குடுத்துர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். ஊர் முடித்துவிட்டது. பாய் கை வைத்துவிட்டார். இத்தனை வருஷம் எவ்வளவு சுருட்டினாரோ. மத்தியானத்துக்குள் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இதே பேச்சு. பத்தோடு பதினொன்றாக ஒரு மனுஷனைக் காறித் துப்புவதற்கு இந்த ஊரில் ஒருவருக்கும் வெற்றிலைகூட வேண்டியதில்லை.

எனக்குச் சாயங்காலம் தகவல் வந்தது. நேரே கடைக்கு வந்தேன். தங்கபாண்டியைக் கூப்பிட்டு ஒரு பெட்டிப் பழத்தைத் தராசில் வைக்கச் சொன்னேன். காலிப்பெட்டியை முதலில் வைத்து முட்டையாக்கினான், பிறகு பழப்பெட்டி. தராசு இருபத்தொன்று காட்டியது. உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். பத்தொன்பது.

"விஜி, அந்தத் தேனிக்காரன வரச்சொல்லு."

மறுநாள் காலையில் ஜஸ்டின் பைக்கில் வந்து இறங்கினான். நல்ல பையன்தான், பயந்தவன். தராசைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், முகம் தெளிந்தது.

"ஒண்ணும் ப்ராப்ளம் இல்ல சார். கழிவு ஆன்ல இருக்கு. நீங்க தராசுலயும் கழிக்கிறீங்க, இதுவும் கழிக்குது. புது வெர்ஷன்ல அது தானா ஆன்ல வரும்."

அதாவது ஒரே காலிப்பெட்டி இரண்டு தடவை கழிந்திருக்கிறது. பழத்திலிருந்து இரண்டு கிலோ. ஒவ்வொரு பெட்டிக்கும்.

"ஆன்ல இருக்குன்னு எங்கன தெரியும்?" என்று கேட்டேன்.

"ஐகான் காட்டும் சார்."

"எங்கன காட்டுது? காட்டு."

கீழே வலது ஓரத்துக்கு மவுஸைக் கொண்டுபோனான். போனவன் நின்றுவிட்டான். அந்த ஓரத்தில், திரையின் மேலேயே, காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. ஆயுத பூசைக்கு என் மருமகள் ஜோதிலட்சுமி வைத்த பொட்டு. தராசுக்கு, லாரிக்கு, கல்லாவுக்கு, கம்ப்யூட்டருக்கு என்று எல்லாவற்றுக்கும் வைத்தாள். எழுத்து மறையக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் ஓரமாக வைத்தாள். அப்போது அந்த ஓரத்தில் மணி மட்டும்தான் தெரியும். மணி பார்க்கச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. ஜெய்லானி பாய் தினமும் காலையில் வந்ததும் ஈரத்துணியால் திரையைத் துடைப்பார். பொட்டைச் சுற்றி வளைத்துத் துடைப்பார். நானே பார்த்திருக்கிறேன். பொட்டின் ஓரம்கூடக் கலையாது.

ஜஸ்டின் நகத்தால் சுரண்டினான். "சார், உங்க பொட்டுதான் மறச்சிருச்சு" என்று சிரித்தான். விஜய்பாண்டி முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. பழியை வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டதல்லவா.

"நல்லாச் சொரண்டு. இப்பக் காட்டு."

பொட்டுப் போனது. மணி தெரிந்தது. அதன் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு குறி. அதை அமுக்கினான். குட்டிச் சதுரம் ஒன்று திறந்தது. அதற்குள் எறும்பு வரிசை மாதிரி நாலைந்து படங்கள். அதில் ஒன்றைக் காட்டினான். ஈ உட்கார்ந்து பேண்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சாம்பல் புள்ளி.

"இது என்னது?"

"பெட்டி சார். பிளாஸ்டிக் கிரேட் மாதிரி டிசைன். டார்க் கிரேன்னா ஆன், லைட் கிரேன்னா ஆஃப்."

"இப்ப இது எது?"

"ஆன் சார்."

"ஆஃப் பண்ணிக் காட்டு."

அமுக்கினான். ஈ பேண்டது அப்படியே இருந்தது. வெயிலில் கொஞ்சம் காய்ந்த மாதிரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அவனை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கச் சொன்னேன். மகனை உட்காரச் சொன்னேன். ஜஸ்டினிடம், "இவன் கண்ண மூடட்டும், நீ என்ன வேணாலும் மாத்தி வையி" என்றேன். மாற்றி வைத்தான். விஜய்பாண்டி கண்ணைத் திறந்து பார்த்தான். திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனான்.

"ஆஃப்" என்றான்.

ஜஸ்டின் தலையைச் சொறிந்தான். "ஆன் அண்ணே" என்றான்.

இன்னொரு தடவை வைத்தோம். இன்னொரு தடவையும் தப்பு. வாசலிலிருந்து தங்கபாண்டி எட்டிப் பார்த்து, "தம்பி எவ்வளவு வாங்குனீக?" என்று மெதுவாகக் கேட்டான். நான் அவனைத் திட்டவில்லை.

விஜய்பாண்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"மவுஸ அதுமேல வச்சா எழுத்துல சொல்லும் சார்" என்றான் ஜஸ்டின்.

"நாம் போயி வச்சாத்தேன் சொல்லுமா? ஏம்ப்பா, எங்க தோட்டத்துல மோட்டார் ரூம் உச்சியில ஒரு குண்டு பல்பு மாட்டியிருக்கோம். மூணு பேஸ் கரண்டு வந்தா எரியும். ஊர்ல வீட்டு வாசல்ல நின்னே கரண்டு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கிருவேன். அந்தப் பல்பக் கழட்டி மோட்டார் ரூமுக்குள்ள பானைக்குள்ள வச்சு மூடிட்டு, தொறந்து பாத்தாத் தெரியும்னு ஒருத்தன் சொன்னா அவன என்ன செய்யலாம்?"

"இல்ல சார், கண்ண உறுத்தக் கூடாதுன்னு மேல டிசைன் டீம்ல…"

"உறுத்தணும்ப்பா. ஒருத்தி பழம் பெட்டிக்கு ரெண்டு கிலோ போகுதுன்னா கண்ணுல குத்தணும். மூங்கி ஏத்துன வண்டி பின்னால சிவப்புத் துணி எதுக்குக் கட்டுறான்? அழகுக்கா?"

அவனைச் சொல்லி என்ன. எங்கேயோ குளிர்ந்த ரூமுக்குள் உட்கார்ந்து, சம்சாரி முகத்தைப் பார்க்காத எவனோ வரைந்தது. பட்டை இருந்த இடத்தை வெள்ளையாக விட்டிருக்கிறான். ஒரு முழ நீளத்துக்கு ஒன்றுமே இல்லாத வெள்ளை. அவ்வளவு இடத்தையும் சும்மா விட்டுவிட்டு, காசை வெட்டுகிற விஷயத்தை ஒரு குங்குமப் பொட்டுக்குள் அடங்குகிற மாதிரி ஒளித்து வைத்திருக்கிறான். அதற்கு நாங்கள் வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். பொட்டு மறைத்ததாம். மறைக்கும்படி அதைச் செய்தவன் யார்? அழுகின திராட்சைக் குலையைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு. கை கழுவ வேண்டும்போல் இருந்தது.

பழைய புரோகிராமையே திரும்பப் போடச் சொன்னேன். ஜஸ்டின், தலைமை ஆபீசில் கேட்க வேண்டும் என்றான். "கேளு. அதுவரைக்கும் வருசத் துட்டும் வராது" என்றேன். கேட்டான். வெளியே போய் அரை மணி நேரம் போனில் கெஞ்சினான். திரும்பி வந்து போட்டுக்கொடுத்தான். பச்சைப் பட்டை திரையின் உச்சியில் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் நான் உத்தமபாளையம் போனேன். மகனையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவனைப் பார்த்தால் பாய் நல்ல வார்த்தை சொல்லிவிடுவார், அது நல்லதில்லை என்று விட்டுவிட்டேன்.

பாயின் வீட்டம்மா ஷரீபா கதவைத் திறந்தது. "வாங்கண்ணே" என்றது. கையில் வளையல் இல்லை. உள்ளே மகள் சுமையா எதையோ அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் பெட்டியை அணைத்துவிட்டு உள்ரூமுக்குப் போய்விட்டாள். எப்போது போனாலும் ஓடிவந்து சலாம் சொல்கிற பெண்.

பாய் நாற்காலியில் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். எங்கேயோ புறப்படுகிற கோலம்.

"எங்க பாய் கெளம்பிட்ட?"

"அனுமந்தன்பட்டிக்கு மொதலாளி. அந்தம்மா துட்டக் குடுத்துட்டு வந்துரலாம்னு."

சட்டைப் பையில் பணம் புடைத்துக்கொண்டு இருந்தது. வளையல் எங்கே போனது என்று புரிந்தது.

"நீ ஏன் குடுக்கணும்?"

"பில்லு நாந்தானே போட்டேன். எடை கொறஞ்சது நெசம்தானே. அந்தம்மா நட்டப்படக் கூடாதுல்ல."

"அட கிறுக்கா. நீ குடுத்தா நீ எடுத்ததா ஆயிரும். நாளைக்கே ஊரு சொல்லும், பாத்தீகளா, பாயே கொண்டாந்து குடுத்துட்டாருன்னு. உம் மகளுக்கு மாப்ள பாக்குறப்ப அங்கன வந்து நிக்கும் இந்த எட்டாயிரம்."

அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பையைத் தொட்டுப் பார்த்தார். ஷரீபா கதவோரம் நின்று, "நானும் அதத்தேன் சொன்னேண்ணே, கேக்க மாட்டேன்னுட்டாக" என்றது.

நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை கழிந்ததை, பொட்டை, அதற்குக் கீழே இருந்ததை, விஜய்பாண்டி கண்ணைத் திறந்து பார்த்தும் தப்பாகச் சொன்னதை. கடைசியைச் சொன்னபோது பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப நான் அந்தப் பொட்டத் தொடச்சிருக்கணுமா மொதலாளி?"

"நீ எப்பிடித் தொடப்ப."

"உங்க வீட்டு மருமக சாமி கும்புட்டு வச்சது. நம்ம கைபட்டு அழிஞ்சதுன்னு இருக்கக் கூடாதுன்னு…" நிறுத்திக்கொண்டார். பிறகு, "தம்பி கேட்டாக மொதலாளி. எவ்வளவு வாங்குனீகன்னு. இத்தன சனத்துக்கு முன்னாடி" என்றார்.

ஷரீபா கொண்டுவந்த டீயைக் குடித்தேன்.

டீ டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பாய் சொன்னார்: "நான் வர்றேன். ஆனா ரெண்டு விசயம். எனக்குக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி பட்ட வேணும். அது இல்லாம அந்தச் சேர்ல ஒக்கார மாட்டேன்."

"போட்டாச்சு."

"இன்னொண்ணு, அந்தம்மா துட்டு கல்லாவுல இருந்து வரணும். எதனால கொறஞ்சுதுங்கிறத எனக்குக் குத்தம் சொன்ன எடத்துலயே நின்னு தம்பி சொல்லணும். எனக்காக நீங்க சொல்லக் கூடாது."

"மொத வளையல மீட்டுக் குடு" என்றேன்.

மறுநாள் காலை. வாசலில் வண்டிகள். பாய் வந்து உட்கார்ந்தார். ஈரத்துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார், இந்தத் தடவை ஓரம் வரைக்கும். பொட்டு இருந்த இடத்தில் மங்கலாகக் கறை ஒன்று இருந்தது, அதை மட்டும் தேய்க்கவில்லை. சம்சாரிகள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் பில் வாங்கி நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தான். அதுவரை அப்படி ஒருவரும் செய்ததில்லை. பாய் பார்க்காத மாதிரி இருந்தார்.

கஸ்தூரியம்மாளுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார். இறங்கும்போதே குரல் வந்தது.

"என்னண்ணே, துட்டுத் தர மனசு வந்துருச்சாக்கும்? இல்ல, இன்னுங் கொஞ்சம் கழிக்கணுமா?"

நான் மகனைப் பார்த்தேன். விஜய்பாண்டி கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தான். கூட்டத்தைப் பார்த்துப் பேச அவனுக்கு நாக்கு வரவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"அத்த, தப்பு பாய் மேல இல்ல. நான் போட்ட புதுப் புரோகிராம் பெட்டிய ரெண்டு தடவ கழிச்சிருச்சு. அது கழிக்குதுன்னு காட்டுற குறி கண்ணுக்கே தெரியல. எனக்கும் தெரியல. ஜஸ்டின் காட்டுன பெறகும் தெரியல."

"கேக்கல. ஒரக்கச் சொல்லு. அன்னைக்கு நல்லா ஒரக்கக் கேட்டியே."

மறுபடி சொன்னான். இந்தத் தடவை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குள்ளாகவே அந்த இரண்டு நாளில் வந்த மற்ற சம்சாரிகளுக்கும் எவ்வளவு குறைந்தது என்று பாய் பெட்டி எண்ணிக்கையை வைத்து எடுத்திருந்தார். அவர்களுக்கும் போய்ச் சேரும் என்று மகன் சொன்னான். கூட்டத்தில் ஒருவன், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும், பாய் அப்பிடிச் செய்ய மாட்டாருன்னு" என்றான். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் நின்று துப்பினவன் அவன்தான். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

கஸ்தூரியம்மாள் கண்ணாடி ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். பச்சைப் பட்டையைப் பார்த்தார்.

"இதாக்கும் அந்தக் குறி?"

"இது பழசும்மா. தெரியிறது" என்றார் பாய்.

"தெரியுது தெரியுது. எனக்கே தெரியுது." கொஞ்சம் நின்றார். "நானும் வாயி விட்டுட்டேன் பாய். பழம் போன வயித்தெரிச்சல்."

பரவாயில்லை என்று பாய் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான் என்பது என் அபிப்பிராயம்.

விஜய்பாண்டி கல்லாவைத் திறந்து நோட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினான். கஸ்தூரியம்மாள் கையை மறித்தார்.

"நீ எண்ணுனா நான் வீட்டுல போயி ரெண்டு தடவ எண்ணணும். பாய்கிட்டக் குடு. அவர் எண்ணட்டும்."

மகன் பணத்தைப் பாயின் மேஜையில் வைத்தான். டிராயர் சாவியையும் சேர்த்து வைத்தான். பாய் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நோட்டுகளை எடுத்தார். கஸ்தூரியம்மாள் ரூம் வாசல்படியில் ஏறி நின்று உள்ளங்கையை நீட்டினார். திராட்சைக் கறை ஏறிய கை. பாய் அவசரப்படவில்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணி அந்தக் கையில் வைத்தார். பதினேழு. அதன் மேல் ஒரு நூறு. அதற்கும் மேல் இருபது, இன்னொரு இருபது.